மேல்பட்டையில் இருக்கும் பெயரைத் தொடாதீர்கள்

கேள்வி: கொலராடோவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானபின் அவருடைய பிள்ளைகள் வீட்டுப் பொருள்களை விற்றார்கள். அதிலிருந்து ஒரு பழைய ஒற்றைத் தோட்டா ரைபிளை வாங்கினேன். வின்செஸ்டர் 1885 மாடல் என்றார்கள். எண்கோணக் குழல், மிகவும் கனம். ஆனால் குழலின் மேல்பட்டையில் வின்செஸ்டர் பெயர் இல்லை. "ஷோயன், டென்வர்" என்று மங்கலாகத் தெரிகிறது. இரண்டு விசைகள் இருக்கின்றன. பின்கட்டையின் முனையில் கொம்புபோல வளைந்த இரும்புத் தகடு. குழலின் மேல் நான்கு சிறு துளைகள். ரிசீவர், அதாவது குழலைத் தாங்கி இயங்கும் பாகங்களை உள்ளடக்கிய இரும்புச் சட்டம், சாம்பல் நிறமாகிவிட்டது, அங்கங்கே துரு. ஒரு பட்டறையில் காட்டினேன். குழலை மாற்றி, கட்டையை இழைத்து, எல்லாவற்றுக்கும் புதிதாக நீலம் ஏற்றி, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? இதில் சுட முடியுமா? வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுமா?
— ஒரு வாசகர், அரோரா, கொலராடோ

பதில்: கொடுக்காதீர்கள். இந்தப் பதிலைப் படிப்பதற்குள் கொடுத்துவிட்டிருந்தால், இன்றே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். வேலை தொடங்கிவிட்டது என்று சொன்னாலும் பரவாயில்லை, எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே வாங்கி வாருங்கள்.

அந்தப் பட்டறைக்காரர் மோசமான தொழிலாளி என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு இது யாரோ கண்டபடி மாற்றிக் கெடுத்த ஒரு வின்செஸ்டராகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், கெட்டுப்போன வின்செஸ்டர் எதுவும் உங்களிடம் இல்லை. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், தேர்ந்த ஒரு கைவினைஞர் ஒரு போட்டியாளருக்காகச் செய்து கொடுத்த துப்பாக்கி உங்களிடம் இருப்பதாகவே தோன்றுகிறது. அதன் அடிப்பாகம் மட்டும்தான் வின்செஸ்டர்.

முதலில் அந்த அடிப்பாகம். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் அப்பாவின் பட்டறையில் வளர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங், 1879இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 24. லீவரைக் கீழே தள்ளினால் தோட்டா அறையின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டி நேர்க்கீழாக இறங்கும். தோட்டாவை வைத்து லீவரை மேலே இழுத்தால் அது ஏறி அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதிலிருக்கும் எளிமையும் உறுதியும் இன்றைக்கும் எனக்கு வியப்பூட்டுகின்றன. வின்செஸ்டர் நிறுவனம் 1883இல் 8,000 டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கி, 1885 முதல் 1920 வாக்கில் வரை ஏறத்தாழ 1,40,000 துப்பாக்கிகளைச் செய்தது. பக்கச் சுவர் உயர்ந்த ரிசீவரை 'ஹை வால்' என்பார்கள், தாழ்ந்ததை 'லோ வால்' என்பார்கள். கனமான குழல் என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்களுடையது ஹை வாலாகத்தான் இருக்க வேண்டும்.

இனி அந்தக் கொம்புத் தகடு. ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் அமெரிக்கா வந்து குடியேறியவர்கள், தங்கள் ஊர்த் திருவிழாவையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஷுட்சன் என்று அதற்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு தோப்புகளில் கூடுவார்கள். வாத்தியம், விருந்து, நடுவில் துப்பாக்கிப் போட்டி. படுக்காமல், எதன்மேலும் சாய்க்காமல், நின்றபடி 200 கெஜத் தொலைவிலுள்ள இலக்கைச் சுட வேண்டும். அந்த இலக்கின் நடுவட்டம் ஒன்றரை அங்குலம்தான். அதற்காகவே இந்தத் துப்பாக்கிகள் இப்படி ஆயின. தோளின் கீழும் மேலும் கவ்வி நிற்கக் கொம்புத் தகடு. ஆடாமல் இருக்கக் கனத்த குழல். ஒரு விசை ஆயத்தம் செய்ய, மற்றது மூச்சுப் பட்டாலே சுட. பலவற்றில் இடது உள்ளங்கையைத் தாங்க உருண்டைப் பிடி ஒன்றும் முன்கட்டையின் அடியில் தொங்கும். முதல் உலகப்போரின்போது ஜெர்மன் என்ற பெயருக்கே அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்ப, அந்தத் தோப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின.

தொழிற்சாலைக் குழலில் அந்தப் போட்டிக்காரர்களுக்கு மனநிறைவு இல்லை. வின்செஸ்டரையோ பல்லார்டையோ ஸ்டீவன்ஸையோ வாங்கி, அதைத் தங்களுக்குப் பிடித்த குழல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கிழக்கே சிரக்கியூஸில் சிஷாங். ஹார்ட்ஃபோர்டில் தொடங்கி ஜெர்சி சிட்டியில் முதுமைவரை உழைத்த ஹாரி போப். எந்த வேலைக்கும் நாள் குறித்துத் தருவதில்லை என்று தன் பட்டறையில் எழுதியே வைத்திருந்தவர். மேற்கே, உங்கள் டென்வரில், ஜார்ஜ் ஷோயன். நார்வேயில் பிறந்தவர். டென்வருக்கு வந்து, அங்கே பெயர்பெற்றிருந்த கார்லோஸ் கோவின் பட்டறையில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகத் தொழில் நடத்தியவர். அவருடன் சேர்ந்த ஆக்செல் பீட்டர்சன், அவருக்குப் பின்னும் நீண்டகாலம் அந்தப் பட்டறைத் தொழிலைத் தொடர்ந்தார். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் ஓடும் வரிகளை இவர்கள் கையால் இயக்கும் கருவியைக் கொண்டு, ஒரு முறைக்கு ஒரு இழை என்ற அளவில் செதுக்கி எடுத்தார்கள். அப்படிச் செய்த குழலின் மேல்பட்டையில்தான் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். உங்கள் பட்டறைக்காரர் கழற்றிப் போட நினைப்பது அந்தக் குழலை.

ஆகவே "தொழிற்சாலைத் தோற்றம்" என்பது இந்தத் துப்பாக்கியின் இப்போதைய வடிவத்துக்கு என்றுமே இருந்ததில்லை. அதை வலிந்து ஏற்றினால், மேலே போலி வின்செஸ்டர், உள்ளே ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

இதைச் சொல்லும் உரிமையை நான் ஒரு தவறு செய்துதான் பெற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, நான் வேலை பார்த்த பட்டறைக்கு ஒரு பல்லார்ட் ரைபிள் வந்தது. குழல் முழுக்கப் பழுப்பேறி, சொரசொரப்பாக இருந்தது. பளபளப்பாக்கித் தருகிறேன் என்று மெருகுச் சக்கரத்தில் கொடுத்தேன். பட்டைகளின் கூர்விளிம்பெல்லாம் வழுவழுப்பாகிவிட்டது. முதலாளி வந்து பார்த்து, குழலின் மேலே இருந்த எழுத்தைப் படித்தாயா என்று கேட்டார். எழுத்து இருந்ததே எனக்குத் தெரியாது. பழுப்பின் அடியில் ஒரு பெயர் இருந்திருக்கிறது; நான் வழித்தெடுத்துவிட்டேன். அது யாருடைய பெயர் என்று இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. நம் ஊர்க் கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு அடித்துச் சுவரைச் சுத்தமாக்கி, ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டை மழுங்கடித்த செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் செய்ததும் அதுதான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். எதைத் தொடுவதற்கு முன்னும் லீவரைக் கீழே தள்ளி, தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். எத்தனை ஆண்டு பரணில் கிடந்த துப்பாக்கியானாலும் இதில் விலக்கு கிடையாது. பிறகு நல்ல பகல் வெளிச்சத்தில், எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். மேல்பட்டையின் எழுத்தைப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் தெரியும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: போப், ஷோயன் பெயர்களுக்கு விலை அதிகம் என்பதால் பிற்காலத்தில் பொய்யாகப் பொறித்தவர்களும் இருக்கிறார்கள். பழைய எழுத்தின் பள்ளத்துக்குள் சுற்றிலும் உள்ள அதே பழுப்பு இருக்கும். பழுப்பை வெட்டிக்கொண்டு எழுத்து புதிதாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள்.

லீவருக்குப் பின்னால், ரிசீவரிலிருந்து பின்னோக்கி நீளும் கீழ்வாலில் வரிசை எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வின்செஸ்டரின் பழைய ஏடுகள் வயோமிங் மாநிலம் கோடி ஊரில், பஃபலோ பில் மையத்தின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த மாடலுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எண்வரை, இடையில் சிறு இடைவெளி நீங்கலாக, பதிவுகள் கிடைக்கின்றன. கட்டணம் செலுத்திக் கேட்டால், அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த அளவுத் தோட்டாவுக்கு, எந்தவிதக் குழலோடு, எந்த விசையோடு, எந்த நாளில் வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். தொழிற்சாலையிலிருந்து எப்படிப் போனது என்று தெரிந்தால்தான், டென்வரில் அதற்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியும். அந்தக் கடிதம் வரும்வரை ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப வேண்டாம்.

குழலின் மேல் இருக்கும் நான்கு துளைகள் உங்களை வருத்துவதாகத் தெரிகிறது. அளவுகோல் எடுத்து, முன் ஜோடியின் நடுவிலிருந்து பின் ஜோடியின் நடுவரை அளந்து பாருங்கள். 7.2 அங்குலம் வந்தால், அது இலக்குப் போட்டிக்கான நீண்ட தொலைநோக்கியைத் தாங்கும் கட்டைகளுக்குப் போட்ட துளை. அந்தத் துப்பாக்கி அடுத்த தலைமுறையிலும் யாரோ ஒருவரால் அக்கறையோடு சுடப்பட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். பற்றவைத்து அடைக்காதீர்கள். பொருத்தமான சிறு அடைப்புத் திருகாணிகள் நான்கை வாங்கி மூடினால் போதும். பின்னால் வருபவர் வேண்டுமானால் கழற்றிக்கொள்வார்.

எல்லா மாற்றத்தையும் நான் இப்படிப் போற்றுவேன் என்று நினைக்க வேண்டாம். 1930களிலும் அதற்குப் பிறகும் எத்தனையோ நல்ல ஹை வால்களின் குழல்களைக் கழற்றி எறிந்துவிட்டு, சிறுவிலங்கு வேட்டைக்காக வேகத் தோட்டாக் குழல்களைப் பூட்டினார்கள். அவற்றிலும் சில அருமையான கைவேலைகள் உண்டு. பல வெறும் அவசர வேலைகள். அவசர வேலை என்று தெரிந்தால், பழைய நிலைக்குக் கொண்டுபோவதை நானே ஒப்புக்கொண்டு செய்திருக்கிறேன். உங்களுடையது அந்த வகை இல்லை.

துருவுக்கு வருவோம். செம்மஞ்சள் நிறத்தில், விரலில் ஒட்டும் பொடியாக இருப்பது உயிருள்ள துரு. அதை நிறுத்த வேண்டும். கெட்டியாக, வழவழப்பாக, காபிக் கொட்டை நிறத்தில் படிந்திருப்பது வயது. அதை விட்டுவிட வேண்டும். உயிருள்ள துருவின் மேல் மெல்லிய எண்ணெயைத் தடவி இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு 1982க்கு முந்தைய ஒரு சென்ட் நாணயத்தின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். அந்த நாணயம் பெரும்பாலும் செம்பு. எஃகைவிட மென்மையானது, துருவை எடுக்கும், அடியில் கீறாது. உப்புத்தாள் கூடாது. துரு நீக்கும் அமிலத் திரவம் கூடவே கூடாது. துருவோடு பழுப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். முடிந்தபின் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசித் துணியால் தேய்த்துவிடுங்கள்.

நீலம் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் குழலுக்கு நிறம் ஏற்றிய முறை வேறு. வேண்டுமென்றே லேசாகத் துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் இடுவார்கள். செந்துரு கருந்துருவாக மாறும். அதைத் துலக்கி, மறுபடி துருவேற்றி, மறுபடி கொதிக்கவைத்து, நாள்கணக்கில் செய்யச் செய்ய, மென்மையான, ஆழமான கருநீலம் வரும். இன்றைய பட்டறைகள் செய்வது கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி எடுக்கும் முறை. அரை மணி நேரத்தில் கண்ணாடிபோல மின்னும்; பழைய துப்பாக்கியில் அந்த மினுக்கத்தை அறிந்தவர் எவரும் பத்தடி தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஈயப்பற்று வைத்த பாகங்கள் இருந்தால் அந்தக் கரைசல் அவற்றை அரித்துவிடும்.

சாம்பல் நிறமான ரிசீவருக்கும் இதையே சொல்வேன். எலும்புக்கரியில் வைத்துச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்தியபோது அதில் நீலமும் பழுப்பும் கலந்த மேகவண்ணம் படிந்திருந்திருக்கலாம். வெளிச்சமும் கைபட்டதும் சேர்ந்து அதை வெளுக்கவைத்திருக்கும். லீவரைக் கீழே இறக்கி, வெளிச்சம் படாத உட்பக்கத்தைப் பாருங்கள், மிச்சம் இருக்கக்கூடும். அந்த மிச்சம்தான் சாட்சி. மறுபடி உலையில் வைத்து வண்ணமேற்றினால் ரிசீவர் கோணிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தீச்சுடரைக் காட்டி வண்ணம் வரவழைப்பவர்களிடம் துப்பாக்கியைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள்.

கட்டையை இழைப்பதாகச் சொல்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. நல்ல பழைய துப்பாக்கியில், மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் மரம் ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். பின்னால் மரம் தேயும் என்று தெரிந்தே செய்தவன் விட்டுவைத்த மிகுதி அது. ஒருமுறை உப்புத்தாள் பட்டால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு எந்தக் கைவினைஞரும் அதை ஏற்றித் தர முடியாது. அழுக்கை மட்டும் எடுங்கள். பிடியில் உள்ள கட்டக்கோடுகளுக்கு மென்மையான பல்துலக்கி போதும். கழுத்துப் பகுதி எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தால், சுண்ணப்பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பி, காயவிட்டு, உதிர்த்துவிடுங்கள். எண்ணெய் பொடிக்குள் ஏறிவரும். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. பழைய வார்னிஷ் மிச்சம் இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள், அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். வாலுக்குப் பின்னால் மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மட்டும் தேர்ந்த கையிடம் போகட்டும். திருகாணிகளையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். அவற்றின் பிளவுகள் குறுகியவை; கடையில் விற்கும் ஆப்பு வடிவத் திருப்புளி அவற்றைச் சிதைத்துவிடும். ஒவ்வொரு திருகாணிக்கும் பொருந்தும்படி முனையைத் தேய்த்துச் செய்த திருப்புளி வேண்டும்.

சுட முடியுமா என்று கேட்டீர்கள். முடியக்கூடும், நேரே கடைக்குப் போய்த் தோட்டா வாங்கி அல்ல. 32-40 போன்ற தோட்டாக்கள் கரிமருந்துக் காலத்தவை; முதல் எண் குண்டின் அளவையும், இரண்டாவது கரிமருந்தின் எடையைக் கிரெயின் என்ற சிறு எடை அலகிலும் குறிக்கும். குழலின் எஃகும் அந்த அழுத்தத்துக்கானது. தவிர, கைவினைக் குழல்களின் அறைகள் தொழிற்சாலை அளவோடு ஒத்துப்போகும் என்று எண்ணக் கூடாது. இந்த வகைத் துப்பாக்கிகளை அறிந்த ஒருவர், வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் உலோகக் கலவையை ஊற்றி அறையின் அச்சை எடுப்பார்; மென்மையான ஈயக் குண்டைக் குழலில் தள்ளி உள்ளளவை எடுப்பார்; இறங்கும் கட்டி தளர்ந்திருக்கிறதா, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் அடிமுள்ளின் துளை அகன்றிருக்கிறதா என்று பார்ப்பார். இவையெல்லாம் முடிந்தபின்தான் பேச்சு. 1948 முதல் இயங்கிவரும் அமெரிக்க ஒற்றைத் தோட்டா ரைபிள் சங்கத்தில் சேருங்கள். கொலராடோவில் இந்தப் போட்டிகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. உங்கள் பகுதியிலேயே தகுந்த ஆளைக் காட்டிவிடுவார்கள்.

உரிமம் பற்றி: 1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள்; மற்றத் துப்பாக்கிகளுக்கான அந்தச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. ரிசீவர் செய்த ஆண்டுதான் கணக்கு. அதனால்தான் கோடி ஊர் அருங்காட்சியகத்திலிருந்து வரும் கடிதம் இங்கேயும் உதவும். மாநிலச் சட்டம் தனி, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்குள்ளது தனி. நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. துப்பாக்கி 1898க்குப் பிந்தையதாக இருந்தால் விளைவு பெரிது. தோட்டாவுக்குப் பழம்பொருள் சலுகையை நம்பவே கூடாது. கிரீன் கார்டு இல்லையென்றால், மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறு கணக்கு.

கடைசியாக ஒன்று. இதற்கு மட்டும் காலக்கெடு உண்டு. அந்தப் பெரியவரின் பிள்ளைகளை இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஷோயனைப் போன்றவர்கள் செய்த பல குழல்களுக்குப் பொய்வாய் என்று ஒரு துண்டு உண்டு. வரி செதுக்குவதற்கு முன்பே குழலின் நுனியிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் வெட்டி, ஊசிகள் வைத்து மறுபடி பொருத்தி, குழலோடு சேர்த்தே வரி செதுக்குவார்கள். குண்டை முன்வாயிலிருந்து கோணாமல் உள்ளே இறக்க அது உதவும். மறந்து அதோடு சுட்டுவிடாமல் இருக்க, குறிபார்க்கும் கோட்டை மறைத்துக்கொண்டு ஒரு தகடு அதன்மேல் நிற்கும். குழலின் நுனியைப் பாருங்கள்: வாயைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால், அதற்கான பொய்வாய் ஒரு காலத்தில் இருந்தது என்று பொருள். அந்தக் குழலைத் தவிர உலகில் வேறெந்தக் குழலுக்கும் அது பொருந்தாது; தெரியாதவர் கண்ணுக்கோ பழைய குழாய்த் துண்டு. கையளவு மரப்பெட்டியிலோ, ஆணி போட்டு வைக்கும் டப்பாவிலோ, கூடவே ஒரு மரக்கைப்பிடித் தள்ளுகோலோடு அது கிடக்கலாம். கார் கொட்டகையைக் காலி செய்வதற்குள் போய்க் கேளுங்கள்.